என் குழியும் மண்டல் வீட்டுக் குளமும்

வீட்டை இடிக்கக் கொடுத்துவிடலாம் என்று தினேஷ் அத்தான் சொன்னபோது நான் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட வேகத்தில் மாவு அவர் சட்டை வரைக்கும் தெறித்தது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தெறித்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

"கோவப்படாத ஜெயா. எஞ்சினியரே சொல்லிட்டாரு. அஸ்திவாரம் போச்சு," என்றார்.

தினேஷ்குமார் என் கணவர் பிரேம்குமாரின் அண்ணன். பாலிகஞ்சில் ஆறாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறார். ஆறாவது மாடியில் இருப்பவருக்கு அஸ்திவாரத்தைப் பற்றி என்ன கவலை? பெஹாலாவில் இருக்கும் இந்த வீடு என் மாமனார் செல்வராஜ் வங்காளத்துக்கு வந்து துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் சிறுகச் சிறுகக் கட்டியது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. அவர் போன பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. மேலே நாங்கள் குடியிருக்கிறோம். கீழே என் கிரைண்டர், என் அரிசி டிரம், என் மாவு வியாபாரம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் தோசை சுடுவது என் மாவில்தான், அதில் முக்கால்வாசி பெங்காலிகள்.

குறை என்னவென்றால் கீழ் அறையின் கிழக்குச் சுவர். முழங்கால் உயரத்துக்கு எப்போதும் ஈரம். பெயின்ட் உப்பிக்கொண்டு உதிரும், உள்ளே வெள்ளையாக உப்புப் பூக்கும். இந்த ஊரில் அதற்கு நோனா என்று பெயர். மாடிப்படி ஓரத்தில் ஒரு விரிசல் வேறு. போன வாரம் ஃபிளாட் கட்டி விற்கும் புரோமோட்டர் ஒருவர் ஒரு எஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு வந்து, தன் கறுப்புக் குடையின் முனையால் அந்தச் சுவரை ஒரு குத்துக் குத்தினார். காரை பொலபொலவென்று கொட்டியது. எஞ்சினியர் தலையாட்டினார். அவ்வளவுதான் பரிசோதனை.

"அவங்க இடிச்சு நாலு மாடி கட்டுவாங்க. நமக்கு ஆளுக்கொரு ஃபிளாட்," என்றார் அத்தான்.

"என் கிரைண்டரை நாலாவது மாடியில வெச்சு ஓட்டவா? கீழ் வீட்டுக்காரன் விடுவானா?"

பிரேம் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பிறந்த வீடு இது. அவருக்குத் தொண்டை அடைத்தால் பேச்சு வராது, எனக்கு அடைத்தால் இரண்டு மடங்கு வரும்.

கடைசியில் அத்தானே இறங்கி வந்தார். "சரி. இந்த மழைக்காலம் பார்ப்போம். நல்லா மழை பெய்யற ஒரு நாள் நான் புரோமோட்டரோட வர்றேன். சுவர் காய்ஞ்சிருந்தா இந்தப் பேச்சையே விட்டுடறேன். ஈரமா இருந்தா அன்னிக்கே கையெழுத்து. சம்மதமா?"

"சம்மதம்," என்றேன், என்ன செய்யப் போகிறேன் என்று ஒன்றும் தெரியாமலே. அப்போது மார்ச் மாதக் கடைசி. ஹோலி முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆம்பன் புயல் வந்த வருடம்தான் இது ஆரம்பித்தது, அதனால் முதல் குற்றவாளி புயல். தார் மேல் தார் போட்டுப் போட்டு எங்கள் வாசலை விட ஒன்றரை அடி உயர்ந்துவிட்ட ரோடு இரண்டாவது. மூன்றாவதும் முக்கியமானதும் பின்பக்கத்து மண்டல் காக்கிமாவின் (காக்கிமா என்றால் சித்தி) குளம். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் மனையை விட நாலடி பள்ளத்தில், ரோகு மீன் வளர்க்கிற குளம். அதிலிருந்துதான் தண்ணீர் ஊறி வருகிறது என்று மூன்று வருடத்துக்கு முன்பு சுவர்மேல் ஏறி நின்று காக்கிமாவோடு சண்டை போட்டேன். வங்காளத்தில் ஆரம்பித்தேன். சூடு ஏறியதும் எனக்குத் தமிழ் வந்துவிட்டது. அந்தம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. "உன் மாமனார் பொறக்கறதுக்கு முன்னாடியே இங்க இருக்கற குளம்டி இது, மதராஜி பௌ!" என்று கத்தினார். மதராஸ்காரி மருமகளே என்று அர்த்தம். அன்றோடு லட்சுமி பூஜைக்கு அங்கிருந்து வரும் தேங்காய் உருண்டையும் நின்றது, பொங்கலுக்கு இங்கிருந்து போகும் பொங்கலும் நின்றது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு குழி உண்டு. மழைநீர் சேகரிப்புக் குழி.

நான் சென்னை வியாசர்பாடிக்காரி. பத்தாவது படித்த வருடம் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியிருக்கிறேன். வரிசையில் முந்திய ஒருத்தியைக் குடத்தாலேயே இடித்துத் தள்ளியிருக்கிறேன். பிறகு வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி கட்டச் சொல்லி அரசாங்கம் சட்டம் போட்டது. அடுத்த வருடமே எங்கள் தெருக் கிணற்றில் தண்ணீர் ஏறியது. எங்கள் அம்மா அந்த முதல் வாளித் தண்ணீரை எடுத்து முகத்தில் விட்டுக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அப்படிப்பட்டவள் கல்யாணமாகி இங்கே வந்தால், மொட்டை மாடி மழை குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகிறது! எனக்குப் பொறுக்குமா? 2019-இல் சென்னை மறுபடி காய்ந்ததை டிவியில் பார்த்த வாரமே ஆள் வைத்துக் குழி வெட்டிவிட்டேன். கிழக்குச் சுவரை ஒட்டி, குழாய் இறங்குகிற இடத்திலேயே. சுற்றிலும் செங்கல் ஜல்லி, மேலே சிமென்ட் மூடி. வருகிறவர்களிடமெல்லாம் மூடியைத் தூக்கிக் காட்டுவேன். "பாருங்க, எப்பவும் தளதளன்னு நிக்குது! இந்த ஊர்ல ஒருத்தருக்காவது இந்தப் புத்தி இருக்கா?"

படிக்கிறவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஐந்து வருடம் ஆயிற்று.

ஏப்ரல் முதல் வாரத்தில் நிமாய்தாவைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் பேர் வாங்கிய ராஜமிஸ்திரி, அதாவது தலைமைக் கொத்தனார். ஒடிசலான மனிதர், பீடியைக் காதில் சொருகியிருப்பார், பற்ற வைக்கவே மாட்டார். சுவரைப் பார்க்கச் சொன்னால் அவர் சுவரைப் பார்க்கவில்லை. வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு என் குழிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியைத் தூக்கினார்.

"பௌதி, கடைசியா எப்ப மழை பெஞ்சுது?" பௌதி என்றால் அண்ணி. இந்த ஊரில் கொத்தனாருக்கும் காய்கறிக்காரருக்கும் நான் அண்ணிதான்.

"மாசக்கணக்காச்சு."

"அப்போ இது ஏன் ரொம்பி இருக்கு?"

"அதுதான் இந்தக் குழியோட பெருமை," என்றேன் பூரிப்போடு.

அவர் மூடியை மெதுவாக வைத்தார். "குழி தண்ணியைக் குடிக்கணும் பௌதி. இது குடிக்கல. உங்க ஊர்ல மண்ணு தாகமா இருக்கும். இங்க நாலு முழம் தோண்டினாலே தண்ணி. ஏற்கெனவே வயிறு ரொம்பின மண்ணு இது, இன்னும் எங்க குடிக்கும்? நீங்க ஊத்தறது எல்லாம் சுவருக்கு அடியிலதான் நிக்குது."

எனக்கு வந்ததே கோபம். "சுவரைப் பூசச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டேன். குழிக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லல. அந்தக் குளத்தைக் கேளுங்க, அதுதான் ஊறுது."

"குளம் நாலடி கீழே இருக்கு பௌதி. தண்ணி மேல ஏறுமா?" என்று கேட்டுவிட்டு, பீடியைக் காதில் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

பிரேம் தொண்டையைச் செருமினார். "நிமாய்தா சொல்றதுல ஒரு இது..."

"ஒரு எதுவும் இல்ல," என்றேன்.

அந்த ஆளின் முகத்தில் கரி பூசாமல் விடக்கூடாது என்று எனக்கு. ஹோலிக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புச் சாயம் அலமாரியில் இரண்டு பாக்கெட் இருந்தது. இரண்டையும் வாளியில் கரைத்துக் குழியில் கொட்டினேன். குழித் தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. குழிதான் காரணம் என்றால் சுவர் சிவக்கட்டுமே! சிவக்காதபோது நிமாய்தாவைக் கூப்பிட்டு நிறுத்திக் காட்டுவேன், மண்டல் காக்கிமாவுக்கும் சுவர்மேல் ஏறிச் சொல்வேன் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் கோடைப் புயல் ஒன்று வந்து அரைமணி நேரம் அடித்துப் பெய்தது. மாடித் தண்ணீர் குழாயில் தடதடவென்று குழிக்குள் இறங்கியது. ரோட்டில் ஒரு மணி நேரத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. எங்கும் தண்ணீர் தேங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கீழ் அறையைப் பெருக்க அரிசி டிரம்மை நகர்த்தினேன்.

சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, நீளமாக, சிவப்பு. விரலால் தடவினேன். விரலில் ஒட்டியது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். ஐயோ, ஐந்து வருடம்! ஒவ்வொரு மழைக்கும் ஜன்னலில் நின்று, தண்ணீர் உள்ளே போகிற சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேனே! என் கையாலேயே இந்த வீட்டுக்கு அடியில் தண்ணீர் விட்டிருக்கிறேன். மாமனார் முகம் ஞாபகம் வந்தது. வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பிரேம் வந்து எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாவம் ஜெயா, நாம ஹோலி கொண்டாடினப்போ சுவத்தை யாரும் கூப்பிடல. அதுவா வந்து கலந்துக்கிச்சு," என்றார்.

அழுதுகொண்டே சிரித்தேன். மூக்கைத் துடைத்தபோது மூக்கும் சிவந்தது.

நிமாய்தாவை நானே போய் அழைத்து வந்தேன். அவர் சிவப்பைப் பார்த்தார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை, அதற்காகவே அவருக்குக் காலமெல்லாம் இட்லி கொடுக்கலாம். வேலையை மட்டும் விளக்கினார். குழியை இறைத்து, ஒட்டுகிற களிமண்ணால் நிரப்பி இடிக்க வேண்டும். சுவரோரம் தோண்டி அஸ்திவாரத்தை வெயில் காட்டிக் காயவைக்க வேண்டும். பிறகு வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிகிற மாதிரி மண் அணைக்க வேண்டும். மாடித் தண்ணீரைக் குழாயில் தூரமாகக் கொண்டுபோய்விட வேண்டும்.

"எங்க கொண்டுபோறது? ரோடு நம்மள விட உசரமாச்சே," என்றார் பிரேம்.

நிமாய்தா திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலடி பள்ளத்தில் மண்டல் காக்கிமாவின் குளம் வெயிலில் பாதி வற்றிக் கிடந்தது.

அன்றைக்கு மாலை ஒரு தூக்குப் புது மாவோடு காக்கிமாவின் வாசலில் போய் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நான் நடந்ததே இல்லை. நடந்தது மொத்தம் முப்பது அடி. அவர் கதவைத் திறந்து, தூக்கைப் பார்த்து, என்னைப் பார்த்து, உள்ளே வா என்று சொல்லாமல் நின்றார். வயது எழுபதை நெருங்குகிறது, கண்ணில் மட்டும் இருபது வயதுக் காரம்.

"காக்கிமா, உங்க குளத்து மேல நான் சொன்ன பழி பொய். தண்ணி என் குழியிலேருந்துதான் வந்திருக்கு. தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க," என்று வங்காளத்தில், ஒரே மூச்சில், மனப்பாடம் செய்தபடி சொல்லி முடித்தேன்.

"குழியா? என்ன குழி?"

எல்லாவற்றையும் சொன்னேன். சாயம் வரை சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் அந்தம்மாளுக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"ஏண்டி, சித்திரை வந்தா என் குளம் முழங்கால் அளவு வத்திப் போய் மீனெல்லாம் வாயைத் தூக்கிட்டு மிதக்குது. நீ அஞ்சு வருஷமா அவ்வளவு நல்ல மழைத் தண்ணியைக் குழியில போட்டுப் பொதைச்சியா? தண்ணியோட அருமை தெரியுமா உனக்கு?"

தண்ணீரின் அருமை தெரியுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்! லாரிக்குப் பின்னால் ஓடியவளைப் பார்த்து! வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். தூக்கை அவர் பக்கம் நீட்டினேன்.

"அந்தத் தண்ணியை நீங்களே எடுத்துக்குங்க காக்கிமா. அதைக் கேக்கத்தான் வந்தேன்," என்றேன்.

தூக்கை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தார். "குழாய் முனையில வலை கட்டணும். வருஷத்து முதல் மழை அழுக்கு, அது என் மீனுக்கு வேண்டாம், அன்னிக்குத் திருப்பி விட்டுடணும். குழாய் என் சுவரை உடைக்கக் கூடாது, மேல தாண்டி வரணும். மாவு புளிக்கலையே?"

"இன்னிக்கு அரைச்சது."

"உள்ள வா," என்றார்.

மே மாதம் முழுக்க வேலை. குழியை இறைத்து நிரப்பியாயிற்று. கிழக்குச் சுவரோரம் பள்ளம் தோண்டியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அஸ்திவாரச் செங்கல் கறுத்து, சொதசொதவென்று ஈரமாகத் தெரிந்தது. நிமாய்தா குனிந்து சுத்தியலால் தட்டினார். ணங் என்றது. இன்னொரு இடம் தட்டினார். ணங். நுனி முதல் நுனி வரை தட்டிக்கொண்டே போனார்.

"உங்க மாமனார் நல்ல கல்லுதான் போட்டிருக்கார் பௌதி. அஸ்திவாரம் போகல. நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

பிரேம் அந்தப் பள்ளத்தில் இறங்கி, செங்கல்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி டீ போடப் போனேன்.

மூன்று வாரம் வெயில் காய்ந்தது. களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்தோம். மண் இடிக்கும் திம்சுக் கட்டையைப் பிடித்து நானும் இடித்தேன், இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை. மேலே சரிவு கொடுத்து முடித்ததும் நிமாய்தா ஒரு வாளித் தண்ணீரைச் சுவரடியில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தண்ணீர் ஒரு நொடி யோசித்து, வீட்டை விட்டு விலகிப் பின்பக்கமாக ஓடியது. ரோட்டு வெள்ளம் உள்ளே வராமலிருக்க கேட்டுக்கு அடியில் உயரமாகத் திண்டு கட்டினார். உள்ளே உதிர்ந்த காரையை முழுக்கக் கொத்தி எடுத்து, செங்கல்லை ஆறவிட்டு, ஜூன் மாதம் புதுசாகப் பூசினார். படியோர விரிசல் மேல் குறுக்காக ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டினார். சுவர் நூலளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடுமாம். அதைத் தினமும் காலையில் சாமி படத்தைக் கும்பிடுவதற்கு முன்பே போய்ப் பார்த்தேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே பிடித்த மழை பத்து மணிக்கும் விடவில்லை. ரோட்டில் முழங்கால் தண்ணீர். யாரோ தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து போவதைத் துரத்திக்கொண்டு ஓடினார். தினேஷ் அத்தானிடமிருந்து போன். "ஜெயா, இதுதான் நாள். நானும் அவரும் வர்றோம்."

"வாங்க அத்தான், இட்லி வெக்கறேன்," என்றேன்.

கார் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டதாம். இருவரும் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் அளைந்து வந்தார்கள். கேட்டில் திண்டைத் தாண்டிக் காலை உள்ளே வைத்ததும் அத்தான் நின்றார். குனிந்து பார்த்தார். வெளியே வெள்ளம், உள்ளே வெறும் நனைந்த மண், அதுவும் பின்பக்கமாக வடிந்துகொண்டிருந்தது.

கீழ் அறைக்கு வந்தார்கள். அரிசி டிரம்மை முன்னாலேயே நகர்த்தி வைத்திருந்தேன். அத்தான் வெறுங்காலோடு தரையில் அங்கும் இங்கும் நடந்தார். பாதத்தால் தடவிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். கை காய்ந்திருந்தது. இன்னும் கீழே, தரையோரம் குனிந்து வைத்தார். அங்கும் அப்படியே. படிப்பக்கம் போய் "இது என்ன கண்ணாடி?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைத் தொடாமல் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

புரோமோட்டர் சும்மா இருப்பாரா? குடையின் முனையால் அதே இடத்தில் ஓங்கி ஒரு குத்து. டக் என்றது. சுவரில் ஒரு புள்ளி விழுந்தது, அவ்வளவுதான். மறுபடி குத்தினார். மறுபடியும் டக்.

"மேலே பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. அடுத்த வருஷம் பாருங்க, திரும்ப வரும். காரணம் தெரியாம பண்ற ரிப்பேர் எல்லாம் இப்படித்தான்," என்றார் அவர் ஹிந்தியில்.

"காரணம் தெரியும்," என்றேன். "நான்தான் காரணம்."

அத்தான் திரும்பிப் பார்த்தார். குழி வெட்டியதிலிருந்து சுவர் சிவந்தது வரை, காக்கிமாவிடம் போய் நின்றது வரை, ஒன்று விடாமல் சொன்னேன். "உங்க அப்பா போட்ட அஸ்திவாரத்துல ஒரு குறையும் இல்ல அத்தான். ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்தோம். நான்தான் அஞ்சு வருஷம் அதைத் தண்ணியில நிக்க வெச்சேன். இப்ப வெளிய எடுத்துட்டேன்."

புரோமோட்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பையிலிருந்து பேப்பர் எடுக்கப் போனார். நடு அறையில் நின்ற அவருடைய குடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரையில் ஒரு சின்ன வட்டம் கட்டியிருந்தது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் மெதுவாக. "குடையை வெளிய வெச்சிடுங்க. எங்க அப்பா வீட்டுத் தரை ஈரமாவுது."

புரோமோட்டர் குடையைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். பேப்பரைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுக் குடையோடு வெளியே போனார், திரும்பி வரவில்லை. பிரேம் ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். நான் தரைத் துணியை எடுத்து அந்த வட்டத்தைத் துடைத்தேன். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

"ஏதோ இட்லின்னியே ஜெயா?" என்றார் அத்தான், அதே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து.

தட்டு எடுக்கப் போகிற சாக்கில் பின்பக்கக் கதவைத் திறந்தேன். எங்கள் மொட்டை மாடி மழை மொத்தமும் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிக் குழாய் வழியாக, வலைக்குள்ளிருந்து பீறிட்டு, குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. குளம் கரை தொட்டு நின்றது. கரையில் மண்டல் காக்கிமா பெரிய குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றார். என்னைப் பார்த்ததும் மழைக்கு மேலாகக் கத்தினார்.

"ஏ மதராஜி பௌ! உன் பக்கம் ஏதாச்சும் மிச்சம் வெச்சிருக்கியா?"

"ஒரு சொட்டு இல்ல காக்கிமா!" என்று நானும் கத்தினேன். "எல்லாம் உங்களுக்குத்தான்!"